ஆவியான கரைப்பானும் பத்து வேலை நாட்களும்

"முறைப்பாடு கிடைத்த நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் அனுப்பப்பட வேண்டும். பதிலில் காரணம் குறிப்பிடப்பட வேண்டும்."

எங்கள் நிறுவனத்தின் தரக் கையேட்டில் இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து இருந்தன. எழுதியவர் முதலாவதை எழுதும்போது இரண்டாவதை யோசிக்கவில்லை. இரண்டாவதை எழுதும்போது முதலாவதை மறந்துவிட்டார். நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும் ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது உடையும். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் உடைப்போம். காரணம் இல்லாத பதிலை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. பிந்திய பதிலுக்கு மட்டும் உடனே தொலைபேசி வரும்.

அண்மையில் பழைய ஆய்வுகூடத்தில் ஒரு பிறந்தநாள் கோப்பிக்குப் போயிருந்தேன். இப்போது முறைப்பாடுகளுக்குக் கணினியே அன்றைக்கே பதில் அனுப்புகிறதாம். என்னிடம் வேலை பழகி இன்று அந்தப் பிரிவை நடத்தும் பெண் பெருமையோடு சொல்லிவிட்டு, "உங்கள் காலத்தில் ஆகப் பிந்திப் போன பதில் எது?" என்று கேட்டாள். ஒன்று இருக்கிறது, எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

பேர்லினின் விளிம்பில், நகரத் தொடருந்து திரும்பிப் போகும் இடத்துக்குக் கிட்ட, பல் வைத்தியர்களுக்கான பொருட்களைச் செய்யும் ஒரு நிறுவனம் அது. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் பட்டம் எடுத்தவள் நான். அந்தப் பட்டம் இங்கே முதலில் ஒரு விடுதியின் சமையலறையில் கோப்பை கழுவப் பயன்பட்டது. பிறகு, என் வயதில் பாதி உள்ள பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து ஆய்வுகூடப் பயிற்சியை முதலிலிருந்து செய்தேன். பிப்பெற்றைப் பிடிப்பது எப்படி என்று எனக்குக் காட்டித் தந்த பையன் மிகவும் பொறுமையானவன். இவ்வளவும்தான் என் பயிற்சிக் காலம்.

எங்கள் பிரிவு சோதித்தது பல்லையும் அதன் ஓட்டையை நிரப்பும் அடைப்பையும் ஒட்டவைக்கும் திரவத்தை. இதன் விஷயம் சின்னது. பல்லின் கடினமான வெளிப்பூச்சான பற்சிப்பிக்குக் கீழே இருக்கும் பகுதி ஈரமானது. மிக நுண்ணிய நார்கள் வலைபோல நிற்கும். திரவத்தில் உள்ள பிசின் தடிப்பானது, தானாக அந்த வலைக்குள் போகாது. அசற்றோன் அல்லது எதனோல் போன்ற ஒரு கரைப்பான் அதைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும், அங்கே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளும், பிறகு காற்று ஊதும்போது தானும் போய்விடும். வேலையை முடித்துவிட்டு எழும்பிப் போகத் தெரிந்த விருந்தாளி. அது போகாமல் நின்றால் பிசின் ஒழுங்காக இறுகாது, ஒட்டு பலவீனம். வேலை தொடங்கும் முன்னரே போய்விட்டால் பிசின் வாசலிலேயே நின்றுவிடும், அப்போதும் ஒட்டு பலவீனம். பார்வைக்கு எல்லா அடைப்பும் ஒரே மாதிரி மினுங்கும். சில கிழமை கழித்து நோயாளி பாண் கடிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

சோதனைக்கு மனிதப் பல் போதாது. மாட்டின் முன்பற்கள் இறைச்சிக் கூடத்திலிருந்து வாளியில் வரும். கிருமி நீக்கும் கரைசலில் போட்டு வைப்போம். வேரை வெட்டி, பல்லைப் பிசின் அச்சில் பதித்து, ஓடும் தண்ணீரில் அரத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குவோம். வெள்ளிக்கிழமை விரதத்தோடு பசுவின் பல்லை அரைத்திருக்கிறேன். ஊரில் இருந்த அம்மாவுக்குப் பல் வைத்தியத் துறையில் வேலை என்று மட்டும் எழுதினேன், அதில் பொய் இல்லை. தேய்த்த பரப்பில் திரவத்தைப் பூசி, ஊதி, நீல வெளிச்சத்தில் இறுக்கி, மேலே அடைப்புப் பொருளைச் சிறு உருளையாக வைத்து, உடல் வெப்பத்தில் உள்ள தண்ணீரில் ஒரு நாள் விட்டு, அடுத்த நாள் இயந்திரத்தில் கொடுத்து உடைப்போம். எவ்வளவு விசையில் உடைந்தது என்று இயந்திரம் சொல்லும். எங்கே உடைந்தது என்று உருப்பெருக்கியில் நாங்கள் பார்ப்போம். இரண்டாவதுதான் முக்கியம். ஒட்டிய இடத்தில் சுத்தமாகக் கழன்றிருந்தால், ஒட்டவே இல்லை என்று பொருள்.

பிரிவின் தலைவர் டொக்டர் வென்ட். உயரமான மனிதர்; கோடையிலும் முழங்கையில் தோல் தைத்த கம்பளிச் சட்டை. எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் பென்சிலைக் கூராக்கிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவார். சந்தேகம் வரும் இடத்தில் ஓரத்தில் ஒரு நேர்கோடு போடுவார். வாசித்து முடித்ததும் கோடு கோடாகத் திரும்பி வந்து, எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி கேட்பார்: "எங்கே எழுதியிருக்கிறது?" கோபமாக அல்ல, தபாற்கந்தோருக்கு வழி கேட்பது போல. பிறந்தநாள் கேக்கை நீட்டினாலும் அதையே கேட்டுவிட்டு, நின்றபடி சாப்பிடுவார். அவரைப் புதியவர்கள் வெறுத்தார்கள். எனக்கு அவரோடு சுகமாக இருந்தது. எழுதியிருக்கும் இடத்தைக் காட்டினால் அதற்கு மேல் விவாதம் இல்லை. இந்த நாட்டில் எனக்கு அந்த வசதியைத் தந்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

அந்த முறைப்பாடு ஜனவரி மாதத் தொடக்கத்தில் வந்தது. பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் உள்ள ஒரு பல் வைத்தியர், இலையுதிர் காலக் கடைசியில் எங்கள் புதிய திரவத்துக்கு மாறியவர். அதற்குப் பிறகு வைத்த அடைப்புகளில் பல கழன்று விழுந்துவிட்டன என்றும், பயன்படுத்திய போத்தலை இத்துடன் அனுப்புகிறேன் என்றும், எழுத்தில் பதில் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கையெழுத்துக்கு மேலே ஒரு வாக்கியம்: "பிழை பொருளிலா கையாள்வதிலா என்பதை அறிந்த பின்னரே நான் நடவடிக்கை எடுக்க முடியும்."

இப்படி வந்தால் முதலில் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்க வேண்டும்: போத்தல் எங்கே வைக்கப்படுகிறது, குளிர்ப்பெட்டியிலா, மூடி உடனே பூட்டப்படுகிறதா. அழைத்தேன். எடுத்தது ஒரு பெண். என் பெயரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம். நீங்கள் எவடம்?"

"கரவெட்டி. பேர் சுகந்தி. இஞ்ச பல் வைத்திய உதவியாளருக்கு அவுஸ்பில்டுங் செய்யிறன், வேலை பழகுறன். அக்கா, டொக்டர் பக்கத்தில நிக்கிறார், நீங்கள் டொச்சிலயே கேளுங்கோ. இல்லாட்டி நாங்கள் என்னவோ திட்டம் போடுறம் எண்டு நினைப்பார்."

ஜேர்மன் மொழியில் கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்கான பதில். குளிர்ப்பெட்டி, ஆம். மூடி, ஒவ்வொரு முறையும். காலாவதித் திகதி, பார்த்தாயிற்று. குறித்துக்கொண்டு தொலைபேசியை வைத்தேன்.

மாலையில் சுகந்தியே தன் கைத்தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, உங்கட கடிதம் எப்ப வரும்?"

"பத்து வேலை நாளுக்குள்ள. ஏன்?"

"கொம்பனி மருந்தில பிழையில்லை எண்டு எழுதினா, பிழை என்னிலதானாம். நவம்பர்ல சேர்ந்தனான். பெப்ரவரி இருபத்தெட்டோட புறோபட்சைற், அந்தத் தகுதிகாண் காலம், முடியுது. அதுக்குள்ள எண்டா ஒரு காரணமும் சொல்லாமல் நிப்பாட்டலாம், பிறகு லேசில ஏலாது. ஆனா இவர் காரணம் கையில இல்லாமல் ஒரு ஆணியும் அடிக்க மாட்டார். அதுதான் உங்கட கடிதத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"நிப்பாட்டினா?"

"விசா அந்த ஒப்பந்தத்திலதான் நிக்குது. அவுஸ்பில்டுங் இல்லையெண்டா ஒண்டுமில்லை. ஹோட்டல்ல கட்டில் விரிச்சுக்கொண்டிருந்தனான் அக்கா, இந்த இடம் எடுக்க எத்தினை பேருக்கு எழுதினனான் எண்டு தெரியுமோ?"

தெரியாது என்றேன். கேட்கவும் விருப்பமில்லை, கேட்டால் எனக்கும் என் கதை ஞாபகம் வரும்.

"மருந்துதான் பிழையெண்டு எழுத ஏலாதோ? ஒரு சொல்லுத்தானே."

"ஏலாது. அந்த ஒரு சொல்லை எழுதினா, கிடங்கு முழுக்க உள்ள போத்திலைத் திருப்பி எடுக்க வேணும். பிழையில்லாட்டி ஏன் எடுக்க?"

"நீங்களும் டொச்சாக்கள் மாதிரித்தான் கதைக்கிறியள்."

"இருபது வருஷம் இருந்தா கொஞ்சமும் ஒட்டாதோ? நாங்கள் ஒட்டுற சாமான்தானே செய்யிறம்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது சிரிக்கிற நேரமில்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

போத்தலைச் சோதித்தேன். எடை சரி, திறந்து பயன்படுத்திய போத்தலில் எவ்வளவு கரைப்பான் குறையலாமோ அதற்கு மேல் குறையவில்லை. அதிலிருந்து ஒரு துளியை எடுத்து, மாட்டுப் பல்லில் பூசி, உடைத்தோம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒதுக்கி வைக்கும் மாதிரிப் போத்தலையும் எடுத்து அதையே செய்தோம். இரண்டும் போதிய விசையைத் தாங்கிய பிறகே உடைந்தன. மருந்தில் பிழை இல்லை. மூடியிலும் பிழை இல்லை, சுகந்தி சொன்னது உண்மை.

இந்த நிலையில் வழமையான பதில் ஒன்று தயாராக இருந்தது. தொகுதியில் குறை இல்லை, கையாளும் தவறு எனக் கருதப்படுகிறது, மேலான வணக்கங்கள். விற்பனைப் பிரிவு அதைத் தட்டச்சு செய்தே எங்களுக்கு அனுப்பிவிட்டது, வென்ட் கையெழுத்து வைப்பதுதான் மிச்சம். பத்து நாளில் அரைவாசிகூட முடியவில்லை. நிறுவனத்துக்கு அது ஒரு சாதனை.

வென்ட் பென்சிலைக் கூராக்கினார். வாசித்தார். ஒரு கோடு.

"கையாளும் தவறு. எந்தத் தவறு?"

"அது எழுதப்படவில்லை" என்றேன்.

"பதிலில் காரணம் குறிப்பிடப்பட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?"

கையேட்டைத் திறந்து காட்டினேன். அவருக்குத் தெரியாததல்ல.

"இதில் காரணம் இல்லை. இதில் இருப்பது ஒரு திசை. சுட்டுவிரலைக் காட்டுவது விளக்கம் ஆகாது." கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் என் பக்கம் தள்ளினார். "கழன்ற அடைப்புகள் எந்த நேரத்தில் வைக்கப்பட்டவை என்று கேளுங்கள்."

நேரங்கள் வந்தன. காலை முதல் ஆளுக்கு வைத்தவை நின்றன. மதியத்துக்குக் கிட்ட வைத்தவை விழுந்தன. பிற்பகலிலும் அதே கதை: தொடக்கம் நின்றது, முடிவு விழுந்தது. வென்ட் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, போய்ப் பார்ப்போம் என்றார். கையேட்டில் அதற்கும் இடம் இருந்தது. பல் வைத்தியரின் சம்மதத்தோடு நேரில் பார்க்கலாம். சம்மதம் கேட்டு, அவர் ஒரு திகதி தந்து, அது வரும்போது ஜனவரி முடிந்துவிட்டது. பத்து நாட்கள் எப்போதோ போய்விட்டன. சோதனை நடக்கிறது என்று ஒரு இடைக்காலக் கடிதம் மட்டும் அனுப்பினோம்.

நொய்கெல்னில் முருகன் கோயிலுக்கும் கடைகளுக்கும் பலமுறை போயிருக்கிறேன். அதே தெருக்களால் வென்டின் நீளமான நடைக்கு ஈடுகொடுத்து, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போனது அன்றுதான். பல் வைத்தியர் ஐம்பது வயதுக்காரர், மரியாதையானவர். எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தன் ஒழுங்கைக் காட்டினார். உண்மையில் நல்ல ஒழுங்கு. சுகந்தி சுவரோரம் கைகட்டி நின்றார். என்னைவிட உயரம், தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தார். எங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது என்பது போல நின்றோம்.

"என்னிடம் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை" என்றார் பல் வைத்தியர். "காலை ஆட்களுக்குக் காலையிலேயே, பிற்பகல் ஆட்களுக்கு மதியத்திலேயே எல்லாம் தயார். இதில் இவர் கெட்டிக்காரி, ஒருநாளும் மறந்ததில்லை."

யன்னலுக்குக் கீழே மேசையில் வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டு ஒன்று. அதில் சிறு குழிகள். குழிக்கு ஒரு துளி, ஆளுக்கு ஒரு குழி, வரிசையாக. மேலே செம்மஞ்சள் நிற மூடி, வெளிச்சம் பட்டு இறுகாமல் இருக்க. வெளிச்சத்துக்கு மூடி இருந்தது. காற்றுக்கு இல்லை. மேசைக்குக் கீழே வெப்பமூட்டி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

வென்ட் குனிந்தார். மூடியைத் தூக்கி, கடைசிக் குழியில் இருந்த துளியைத் தூரிகை நுனியால் தொட்டார். தேன் போல இழுபட்டது.

"எப்போதிலிருந்து இந்த முறை?"

"பழைய மருந்தோடு வருடக்கணக்காக. நான்தான் தொடங்கினேன். அப்போது ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை."

இருந்திருக்காது. பழைய மருந்தில் தண்ணீர். மதியம்வரை தட்டில் சும்மா இருக்கும். புதியதில் அசற்றோன், அது காத்திராமல் ஆவியாகிவிடும். சுகந்திக்கு மருந்து மாறியது தெரியும், மாறிய மருந்துக்கு முறை மாற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் ஒருநாளும் மறக்காத வேலைதான் அடைப்புகளைக் கழற்றியது. ஒரு நாள் சோம்பல்பட்டிருந்தால் அன்றைய நோயாளிகள் தப்பியிருப்பார்கள்.

"முடிவு வரும்வரை, ஒவ்வொருவருக்கும் பூசுவதற்குச் சற்று முன்னர் மட்டும் துளியை எடுங்கள்" என்றார் வென்ட்.

பல் வைத்தியர் தட்டைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார். "அப்படியென்றால் காரணம் இதுதானா?"

"இது முன்னெச்சரிக்கை. முன்னெச்சரிக்கை காரணம் ஆகாது. காரணம் எழுத்தில் வரும்."

படியிறங்கும்போது வென்டிடம் சொன்னேன்: அந்தப் பெண்ணின் தகுதிகாண் காலம் பெப்ரவரி கடைசியில் முடிகிறது, அதற்கு முன் நம் கடிதம் போனால் வேலையும் போகும், விசாவும் போகும்.

"இது எனக்குத் தெரியத் தேவையில்லாத தகவல்" என்றார். தெருவில் இறங்கியதும் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டார்.

அடுத்த நாள் என் மேசையில் சோதனைத் திட்டம் இருந்தது. தட்டில் நின்ற துளிகளின் தொடர், நான் எதிர்பார்த்ததுதான். அதோடு இன்னொன்று: பாதிப் பற்கள் ஒட்டிய பிறகு பல கிழமைகள் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடந்து, பின்னர் உடைக்கப்பட வேண்டும். இதுவரை எந்த முறைப்பாட்டுக்கும் நாங்கள் இதைச் செய்ததில்லை. அன்றைக்கு நான்தான் கேட்டேன்:

"எங்கே எழுதியிருக்கிறது?"

அவர் பக்கத்தைச் சொன்னார். போய்ப் பார்த்தேன். "அடைப்பு வைத்துக் காலம் சென்று கழன்ற முறைப்பாடுகளில் மூப்பேற்றும் சோதனையும் செய்யப்பட வேண்டும்." எப்போதும் அங்கேயே இருந்த வாக்கியம். பத்து நாட்களுக்குள் செய்ய முடியாது என்பதால் யாரும் அதை வாசிக்காமல் விட்டிருந்தோம்.

ஒரு துளியைத் தராசில் வைத்து முதலில் அளந்தேன். எங்கள் தராசு மூச்சுக் காற்றையும் உணரும், கண்ணாடிக் கதவுகளைச் சாத்தினேன். இலக்கம் நிற்கவில்லை. கடைசித் தசம தானத்தில் தொடங்கி, பிறகு அதற்கு முன் உள்ள தானமும், இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் துளி அப்படியேதான் இருந்தது. புதிய துளியால் ஒட்டிய பற்கள் நன்றாகத் தாங்கின. தட்டில் காத்திருந்த துளியால் ஒட்டியவை, காத்திருக்கக் காத்திருக்கக் குறைந்த விசையில் உடைந்தன, கடைசியில் இருந்தவை ஒட்டிய இடத்தில் சுத்தமாகக் கழன்றன. மற்றப் பற்கள் அலுமாரிக்குள் தண்ணீரில் கிடந்தன. பெப்ரவரி மெதுவாகப் போனது. நான் ஒவ்வொரு காலையும் வெப்பமானியைப் பார்த்துக் கையொப்பம் வைத்தேன். அவ்வளவுதான் செய்ய இருந்தது.

சுகந்தி அழைத்தார். "என்ன அக்கா, கடிதம் எழுதப் பேனை இல்லையோ?"

"பல்லு தண்ணிக்குள்ள கிடக்கு."

"எவ்வளவு காலம் கிடக்கும்?"

"எழுதியிருக்கிற அளவுக்கு."

"அப்ப ஆறுதலாக் கிடக்கட்டும்" என்றார்.

பல் வைத்தியரும் அழைத்தார், மாதக் கடைசிக் கிழமையில். வென்ட் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆம், பத்து நாட்கள், எனக்குத் தெரியும். கண்டிக்க வேண்டிய தாமதம். பற்கள் இன்னும் தண்ணீரில் இருக்கின்றன. இல்லை, முடிவைத் தொலைபேசியில் சொல்வதில்லை." வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்துக் கூராக்கினார். ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

பெப்ரவரி இருபத்தெட்டு ஒரு செவ்வாய்க்கிழமை. சுகந்தி வேலைக்குப் போனார், தட்டுகளைக் கழுவினார், வீட்டுக்கு வந்தார். புதன்கிழமையும் போனார். காரணம் கையில் இல்லாத மனிதர் காத்திருந்தார்.

பற்களை உடைத்து முடித்ததும் நான் வரைவை எழுதினேன். காரணம்: பூசுவதற்கு நெடுநேரம் முன்னரே எடுத்து வைக்கப்பட்ட துளியிலிருந்து கரைப்பான் ஆவியானது. இந்த வழக்கம் முந்திய, நீரைக் கொண்ட பொருளோடு ஏற்பட்டது. அதற்கு அடுத்த வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் வென்ட். போத்தலோடு போகும் எங்கள் பயன்பாட்டுக் குறிப்பை முன்னால் வைத்து, துளி நிற்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். தேடினேன். போத்தலை உடனே மூடவும் என்று இருந்தது. துளியைப் பற்றி "விரைவில்" என்று மட்டும் இருந்தது. ஆகவே: பயன்பாட்டுக் குறிப்பு இவ்விடயத்தில் தெளிவாக இல்லை, திருத்தப்படும். சட்டப் பிரிவு அந்த வாக்கியத்தைப் போகவிடாமல் பிடித்து வைத்தது. எடுத்துவிடும்படி ஒரு முறை, மென்மையாக்கும்படி ஒரு முறை கேட்டது. வென்ட் இரண்டு முறையும் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். கடிதம் அப்படியே போனது. அதில் ஆட்களின் பெயர் எதுவும் இல்லை.

சில நாள் கழித்துப் பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"அக்கா, வந்திட்டுது. ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு தட்டை எடுத்து மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினார்."

"உங்களுக்கு என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. நாளைக்கு எட்டு மணிக்குப் பிள்ளை ஒண்டு வருது, பயந்த பிள்ளை, வெள்ளன வாங்கோ எண்டார்."

"சரி. கிடைச்ச திகதி கோப்பில போட வேணும். முத்திரை குத்தினவரோ?"

"குத்தாமல் விடுவாரோ? பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்."

அவர் சொன்னதை முறைப்பாட்டுக் கோப்பின் கடைசிக் கட்டத்தில் எழுதி மூடினேன். பதில் கிடைத்த நாள்: 14 மார்ச் 2006.